இன்னும் ஒரு வார்த்தை

"ஒன்னு, ரெண்டு, மூணு" என்று சொல்லி மகள் அம்மாவை இடப்பக்கமாகப் புரட்டினாள். நனைந்த விரிப்பை முதுகோடு சுருட்டித் தள்ளிவிட்டு, காய்ந்த விரிப்பின் ஒரு பாதியை அந்த இடத்தில் செருகினாள். ஆஸ்பத்திரியில் இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். அம்மா இப்போது இருந்த கனத்துக்கு ஒருத்தியே போதும்.

"மெதுவா. நான் என்ன பார்சலா?" என்றாள் அம்மா.

"பார்சலா இருந்தா நீயே தூக்கி மூலையில போட்டிருப்ப."

அம்மாவின் உதடு லேசாக விரிந்தது. முப்பத்தோரு வருஷம் தபால் ஆபீஸ் கவுன்டரில் உட்கார்ந்தவள். அவள் முத்திரை குத்துகிற சத்தம் தெருவரைக்கும் கேட்கும் என்பதால் ஊரே அவளை முத்திரையம்மா என்றுதான் கூப்பிட்டது. அந்தக் கையால் இப்போது ஒரு தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. விடிந்ததிலிருந்து மூச்சு விட்டுவிட்டு வந்தது. நகங்கள் நீலம் பூத்திருந்தன. பதினைந்து வருஷமாக நர்ஸ் வேலை பார்ப்பவளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்குத்தான்.

பக்கத்து அறையில் மாமா ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாவின் தம்பி, ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று நாளைக்கு முன் தலைநகரத்துச் சந்தையில் குண்டு வெடித்திருந்தது. படையை அனுப்பலாமா கூடாதா என்று ரேடியோவில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

மகள் கதவைச் சாத்தப் போனாள்.

"இருக்கட்டும். நானும் கேக்கறேன்" என்றாள் அம்மா.

பதினேழு வருஷமாக அந்த வீட்டில் யாரும் எடுக்காத பேச்சு அது. மகளின் அண்ணனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஃப்ரிட்ஜ் மெக்கானிக். வெளியூரில் நல்ல வேலை கிடைத்து, சூட்கேஸோடு பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தான். மலைக்கு அந்தப் பக்கம் முகாம் போட்டிருந்த கூட்டம் வைத்த குண்டு, அவனோடு சேர்த்து எழுபத்தொரு பேரைக் கொண்டுபோனது. நாலாம் நாள் ரேடியோக்காரர் ஒருவர் வந்து அம்மாவின் முன்னால் மைக்கை நீட்டினார். அம்மா அழவில்லை. "பேசிப் பேசிப் பாத்தாச்சு. படையை அனுப்புங்க. இன்னொருத்தி பெத்த புள்ளை இப்படிப் போகக் கூடாது" என்றாள். அந்தக் குரலை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஒலிபரப்பினார்கள். மந்திரிகள் மேடை மேடையாக அதைச் சொன்னார்கள். படை போனது. மாமாவும் போனார். முகாம் தரைமட்டமானது. முகாமை ஒட்டியிருந்த குடியிருப்பும் கூடவே போனது.

மகள் அப்போது நர்சிங் இரண்டாம் வருஷம். தீக்காய வார்டில் பயிற்சி. குடியிருப்பிலிருந்து கொண்டுவந்தவர்களுக்குக் கட்டு மாற்றியது அவள்தான். ஏழு வயதுப் பெண் ஒருத்தி அழாமல், "முடிஞ்சிடுச்சா அக்கா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருப்பாள். மூன்றாம் நாள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அன்று வீட்டுக்கு வந்த மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் சொன்னாள்:

"நீதான் அனுப்பின."

யாருக்கோ கொடுப்பதற்காக அம்மா அண்ணனின் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

அதற்குப் பிறகு இருவரும் காய்கறி, கரன்ட் பில், மாத்திரை என்று எல்லாம் பேசினார்கள். ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். இதை மட்டும் தொடவில்லை. மாமா வருகிறார் என்றால் மகளுக்கு உடனே டியூட்டி வந்துவிடும்.

"அன்னைக்கு நான் சொன்னதை மாத்திக்க மாட்டேன்" என்றாள் அம்மா.

"இப்ப எதுக்கும்மா அது? மூச்சு வாங்குது பாரு."

"இப்ப விட்டா எப்ப?" கொஞ்சம் நிறுத்தி மூச்சைச் சேர்த்துக்கொண்டாள். "அனுப்பாம விட்டிருந்தா அடுத்தது ரயில்வே ஸ்டேஷன். அதுக்கப்புறம் உன் ஆஸ்பத்திரி. அவங்க பேச வந்தவங்க இல்ல. கொல்ல வர்றவன் கையை யாராவது பிடிக்கணும். பிடிக்கற கைக்கு பலம் வேணும். அது தப்புன்னு நீ சொன்னேன்னா, சாகப்போற நேரத்துலயும் உன்கூட மல்லுக்கு நிப்பேன்."

"சரிம்மா."

"சரிம்மா, சரிம்மான்னு என்னைத் தூங்க வைக்காத. கேளு."

மகள் விரிப்பின் மறுபாதியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"அந்தக் குடியிருப்பு ஆளுங்க இங்க வேலைக்கு வந்திருந்தாங்க. மாசாமாசம் வீட்டுக்குக் கடிதாசு போட என் கவுன்டருக்கு வருவாங்க. எழுதத் தெரியாது. நான்தான் விலாசம் எழுதிக் கொடுப்பேன். அங்க குடும்பம் குடும்பமா ஜனங்க இருக்காங்கன்னு மந்திரிக்குத் தெரியுமோ என்னவோ. எனக்குத் தெரியும்."

ரேடியோவில் யாரோ சிரித்தார்கள்.

"நான் பேசி முடிச்சப்புறமும் அந்த ஆள் மைக்கை எடுக்கல. இன்னும் ஏதோ சொல்லப் போறேன்னு நின்னான். ரொம்ப நேரம் நின்னான். முகாமோட நிறுத்திக்குங்க, பக்கத்துல வீடுங்க இருக்குன்னு இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல."

"நீ சொல்லியிருந்தா மட்டும் கேட்டிருப்பாங்களா?"

"கேட்டிருக்க மாட்டாங்க. கேக்காதது அவங்க பாடு. சொல்லாதது என் பாடு."

"ஏம்மா சொல்லல?"

அம்மா மேலே சுற்றாமல் நின்றிருந்த ஃபேனைப் பார்த்தாள். "வாய் வரலைன்னு பொய் சொல்ல மாட்டேன். மனசு வரல. என் புள்ளையை அடையாளம் சொல்ல அவன் கால் செருப்பு ஒன்னுதான் இருந்தது. அடுத்தவ வீடு எப்படிப் போனா எனக்கென்னன்னு இருந்துட்டேன்."

அவ்வளவு பேசியதில் அவளுக்கு மேல்மூச்சு வாங்கியது. கண்கள் மட்டும் மகளின் முகத்திலேயே இருந்தன. மகளுக்குத் தொண்டைவரைக்கும் வந்தது. அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா. அதைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஆனால் அவள் விரிப்பின் நுனியை இழுத்து மெத்தைக்கு அடியில் மடித்துச் செருகினாள்.

"வாய் காஞ்சு போயிருக்கு. பஞ்சு நனைச்சுக் கொண்டுவரேன்."

சமையலறைக் குழாயடியில் பஞ்சை நனைத்துக்கொண்டே அந்த வார்த்தைகளை ஒரு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். சரியாகத்தான் வந்தது. திரும்பிப் போனபோது அம்மாவின் கண்கள் பாதி திறந்திருந்தன. மூச்சு இல்லை. மகள் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நாற்பது. பிறகு அந்த நனைந்த பஞ்சால் அம்மாவின் உதட்டைத் துடைத்தாள்.

மத்தியானமே அடக்கம். தபால் ஆபீஸ்காரர்கள் ஒரு வேனில் வந்திருந்தார்கள். ரேடியோவிலிருந்தும் ஓர் இளைஞன் வந்திருந்தான். கூட்டம் கலைகிற நேரம் பார்த்து மாமாவிடம் போய், "அம்மாவோட அந்தப் பழைய பேச்சை இன்னைக்குச் சாயங்காலம் திரும்பப் போடலாமா சார்? இப்ப நிலைமைக்குப் பொருத்தமா இருக்கும்" என்றான்.

மாமா மகளைப் பார்த்தார்.

"போடுங்க" என்றாள் மகள். "அவங்க அதைக் கடைசி வரைக்கும் வாபஸ் வாங்கல. ஆனா அந்தக் குடியிருப்புல செத்தவங்களையும் சேர்த்துச் சொல்லணும். சொல்ல முடியாதுன்னா போடாதீங்க."

"மேல கேட்டுச் சொல்றேங்க" என்று அவன் போனான். போன் வரவில்லை. சாயங்காலம் வீட்டில் யாரும் ரேடியோவைப் போடவில்லை.

வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வந்தவர்கள் குடித்துவிட்டுப் போட்ட தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். சோப்பு நுரை முழங்கைவரைக்கும் ஏறியிருந்தது.

"விடுங்க மாமா, நான் பாத்துக்கறேன்."

"இருக்கட்டும்." அவர் திரும்பவில்லை. "நாங்க போனது தப்புன்னு நான் சொல்ல மாட்டேம்மா. போய்த்தான் ஆகணும். அந்த முகாம்ல இருந்ததை என் கண்ணால பாத்தேன். அதெல்லாம் நம்ம ஊருக்கு வந்திருக்கும்."

மகள் நிலைப்படியில் சாய்ந்து நின்றாள்.

"ஆனா அந்தக் குடியிருப்புல மூணாவது வீட்டுல சுவர் ஒன்னுகூட இல்ல. அடுப்பு மட்டும் எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. மேல சோத்துப் பானை. நான்தான் எறக்கி வெச்சேன். யாருக்குன்னு எறக்கினேன், தெரியல." தம்ளரைக் குழாயடியில் காட்டினார். தண்ணீர் நிரம்பி வழிந்தது. "அக்கா ஒரு தடவைகூடக் கேட்டதில்ல, அங்க என்னடா பாத்தேன்னு. நீயும் கேட்டதில்ல."

அவருக்குப் பாத்திரம் கழுவத் தெரியவில்லை. ஒரே தம்ளரைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

மகள் கொடியிலிருந்து ஒரு துண்டை உருவிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள். அவர் கையிலிருந்த தம்ளரை வாங்கித் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள். பிறகு அடுத்ததற்குக் கையை நீட்டினாள்.