குட்டைக் கிராங்க்

குடவாசல் சாலையில் இருந்த சைக்கிள் கடைக்கு வீரையன் மின்சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கதிரடிக்கும் மெஷினில் அடிபட்ட இடது முழங்கால் சரியாக மடங்காது. அதற்காகத்தான் சிங்கப்பூரிலிருந்து மகன் பணம் அனுப்பி வண்டியை வாங்கச் சொன்னான்.

“ரெஜின் இல்லியா?”

“அவரு கத்தார் போயி அஞ்சு வருசம் ஆச்சுங்க. நான்தான் பாக்குறேன்,” என்றாள் அவன் மனைவி பாத்திமா மேரி.

சீட்டுக்குக் கீழிருந்த பெட்டியைத் திறந்தாள். சேற்றுத் தண்ணீரும் வைக்கோல் தும்பும் கொட்டின.

“வாய்க்கால்ல எறக்கினீங்களா?”

“மாட்டைக் கழுவுற எடத்துலதான் கழுவினேன்.”

“மாடு ஒதறிக்கும். இதுல மோட்டாருக்குக் கரண்ட் விடுற கன்ட்ரோலர் போச்சு. சென்னையிலேர்ந்து வர பத்து நாளாவும்.”

“எதுக்கும் ரெஜினுக்குப் போன் போட்டுக் காட்டும்மா.”

வீடியோவில் காட்டினாள். ரெஜின் தொப்பியைத் தூக்கிவிட்டுப் பார்த்தான். “நான் இருந்தப்ப இந்த வண்டியே ஊர்ல கெடையாதுங்க. அவளுக்குத்தான் தெரியும்.”

வீரையன் பலகையில் உட்கார்ந்துவிட்டார். விடிந்தால் வயலுக்கு முறைத் தண்ணீர் வரும் நாள். ஆறு மணிக்கு நாலு மைல் தள்ளி மடையில் நிற்காவிட்டால், தண்ணீர் பாய்ச்சும் வேலை இனி முருகையனுக்கு என்று நிலக்காரர் நாகரத்தினம் சொல்லியிருந்தார். அதை அவளிடமும் சொன்னார்.

“பழைய சைக்கிள் இருக்கா?”

“மாட்டுக் கொட்டாயில கெடக்கு. மிதிக்க முடிஞ்சா நான் ஏன் இதை வாங்குறேன்? முட்டி மேல வராதும்மா.”

“கொண்டாங்க.”

மதியம் கொண்டுவந்தார். பாத்திமா மேரி இடது பெடலையும் அதைத் தாங்கும் கிராங்க்கையும் கழற்றினாள். பழைய சாமான் குவியலிலிருந்து குழந்தை சைக்கிளின் கிராங்க் ஒன்றை எடுத்தாள். நாலு விரல் குட்டை. கிராங்க்கை இறுக்கும் பின்னை அரத்தால் ராவி, வைத்து அடித்தாள். சீட்டையும் கொஞ்சம் தூக்கினாள்.

“ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டையா? ஊரு சிரிக்கும்.”

“முருகையன் மடையில நின்னா சிரிக்காதா?”

வீரையன் ஏறி மிதித்தார். பல்லைக் கடித்தார். முட்டி பாதிதான் மேலே வந்தது; அது போதுமாயிருந்தது. சாலையில் ஒரு வட்டம் அடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு அவள் கடை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது அந்த வழியாக வந்தார். கேரியரில் மண்வெட்டி. வலது கால் பெரிய வட்டம் போட்டது, இடது கால் சின்ன வட்டம்.

“பையன் போன் பண்ணினா புது வண்டி மழையில நனைஞ்சு போச்சுன்னு சொல்லிடும்மா.”

“மழை பேஞ்சு நாலு மாசம் ஆச்சுங்களே.”

“சிங்கப்பூர்ல இருக்கிறவனுக்கு அது தெரியவா போவுது,” என்று நிறுத்தாமல் மிதித்துப் போனார்.