திண்டிவனம் கிளை

துர்கா பொய் சொல்லிப் பழகியவள் அல்ல. அதனால்தான் சொன்ன முதல் பொய்யே இவ்வளவு பெரிதாகப் போய்விட்டது. பழகினவர்கள் சின்னதாகச் சொல்லிவிட்டு நழுவிவிடுவார்கள். இவளோ எடுத்த எடுப்பில் திண்டிவனத்தில் ஒரு ஆபீசையே திறந்துவிட்டாள்.

நடந்தது இதுதான். அவள் வேலை பார்த்த கம்பெனி சென்னை ஆபீசை மூடிவிட்டு, இனி அவரவர் இஷ்டப்பட்ட ஊரிலிருந்து வேலை செய்யலாம் என்று சொல்லிவிட்டது. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் ரிப்போர்ட்டைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் உண்டான எண்ணைப் போடுகிற வேலை. ஒரு எண் மாறினால் போச்சு. புருஷன் அரிபிரசாத்துக்கு ஒரகடத்தில் கார் கம்பெனி வேலை. "எதுக்கு பெருங்களத்தூர்ல வாடகை குடுத்துக்கினு? விழுப்புரத்துல சொந்த வூடு கெடக்கு, அம்மாவும் தனியா இருக்குது. நீ அங்க இரு, நான் ரூம் எடுத்துக்கினு வாரா வாரம் வர்றேன்" என்றான். துர்காவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் மாமியார் கோவிந்தம்மாள் அவளை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. உலகத்தில் எந்த ஊரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று சொன்னதற்கு, அவள் எடுத்துக்கொண்டது விழுப்புரம் சாலாமேட்டில் தெருவின் முதல் வீடு.

முதல் வீடு என்றால் சும்மாவா! கூரியர்காரன் யார் பேருக்கு வந்த பார்சலையும் அங்கேதான் போடுவான். ஊருக்குப் போகிறவர்கள் சாவியை அங்கேதான் கொடுப்பார்கள். எவர் வீட்டு சிலிண்டரும் அங்கேதான் இறங்கும். கோவிந்தம்மாள் வாயில் முடியாது என்ற சொல் வரவே வராது. இதில் லேப்டாப்போடு ஒரு மருமகளும் வந்து உட்கார்ந்ததும் தெருவே ஆனந்தமாகிவிட்டது. ரேஷன் கார்டில் பேர் சேர்க்கணும், ஆதாரில் முகவரி மாத்தணும், வாரிசு சான்றிதழுக்கு மனுப் போடணும் என்று காலை ஒன்பதுக்கே வாசலில் ஆள் நிற்கும். "இரு, துர்கா வூட்லதான் இருக்கறா" என்று கோவிந்தம்மாள் உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பாள்.

"அத்தே, நான் வேலையில இருக்கேன்" என்று துர்கா சொல்லிப் பார்த்தாள். ஒரு தரம் இல்லை, பல தரம்.

"தெரியும்மா. ஒரு நிமிசம்தானாம். பாவம், நின்னுக்கினு இருக்குது."

எதிர்வீட்டு அம்சாவுக்கு அந்த ஒரு நிமிஷம் மூன்று நாள் ஓடியது. "பொட்டி முன்னாடிதான உக்காந்துக்கினு இருக்கற, அப்படியே எங்க பட்டாவையும் தட்டிப் பாரேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். பட்டா எண்ணைத் தேடின கையோடு துர்கா ஒரு அமெரிக்கக் கிழவரின் இடது முழங்காலை வலது முழங்காலாக்கி அனுப்பினாள். அந்த மாதத்தில் அது ஒன்பதாவது தப்பு.

மேலதிகாரி மலர்விழி போனில் கூப்பிட்டாள். "துர்கா, தொண்ணூத்தஞ்சு சதவீதம் சரியா வரணும். நீ எண்பத்தெட்டுல நிக்கற. இன்னும் ரெண்டு மாசம் பார்ப்பாங்க. அதுக்கப்புறம் என்னால உன்னைக் காப்பாத்த முடியாதும்மா." துர்கா அன்றைக்கு பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அதற்குள் வெளியே யாரோ மோட்டார் போடச் சொல்லிக் கதவைத் தட்டினார்கள்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு கல்யாணத்துக்குத் திண்டிவனம் போனவள், மரக்காணம் ரோட்டில் ஒரு விதைக்கடைக்கு மேலே 'மாடி போர்ஷன் வாடகைக்கு' என்ற அட்டையைப் பார்த்தாள். கடைக்காரர் ஆரோக்கியராஜ் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். ஆபீஸ் வைக்கப் போகிறேன் என்றதும், "சத்தம் வருமா?" என்று மட்டும் கேட்டார்.

"சத்தம் வேணாம்னுதாங்க வர்றேன்" என்றாள் துர்கா.

அவர் சாவியைக் கொடுத்துவிட்டார்.

அரிபிரசாத்திடம் சொன்னபோது அவன் ரொம்ப வீரமாகப் பேசினான். "நீ பண்றது கரெக்ட்டு. ஆனா எங்கம்மா கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது." அம்மாவிடம் இவன் போய்ப் பேசியிருக்கலாம். பேசினானா? அப்படிப் பேசுகிற பிள்ளையாக இருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

ஆக, "கம்பெனி திண்டிவனத்துல கிளை தொறக்கறாங்க அத்தே, தினம் வரணுமாம்" என்று துர்கா சொன்னாள். சொல்லும்போது காது மடல் சூடாகிவிட்டது. கோவிந்தம்மாள் அப்படியே நம்பினாள். மறுநாளே எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தாள்.

பழைய ஐடி கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எட்டரை மணி பஸ் பிடித்தால், விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு தாண்டி ஒன்பதரைக்குள் மாடியில் இருப்பாள். வேடிக்கை என்னவென்றால் அதே துர்காதான், அதே லேப்டாப்தான். ஆனால் கழுத்தில் அந்தப் பட்டை ஏறினதும் அம்சாவே, "போம்மா போ, ஆபீசுக்கு லேட்டாயிடப் போவுது" என்று வழி விட்டாள். மாடியில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு பாய், ஒரு தண்ணீர் கேன். உள் அறையையும் சமையல்கட்டையும் அவள் திறக்கக்கூட இல்லை. ஒருத்தரும் கூப்பிடவில்லை. முதல் நாள் மத்தியானம் துர்காவுக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது. யாருக்கும் தெரியாமல் சினிமாவுக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது.

ஆனால் கிளை என்றால் அங்கே வேலை காலி இருக்கும் அல்லவா? அதை துர்கா யோசிக்கவே இல்லை. தெரு யோசித்துவிட்டது. இரண்டாவது வாரத்திலேயே கோவிந்தம்மாள் ஒரு பிளாஸ்டிக் ஃபைலை நீட்டினாள். "நம்ம அம்சா பொண்ணு புனிதா. பி.எஸ்சி. படிச்சிருக்குது. உங்க மேனேஜர்கிட்ட குடுத்துப் பாரேன்." சரி என்று வாங்கிக்கொண்டது துர்கா செய்த அடுத்த மடத்தனம். வளவனூர், முகையூர் வரைக்கும் செய்தி போய், ஒவ்வொன்றாக வந்து மாடியில் பதினாலு பயோடேட்டா சேர்ந்துவிட்டது.

"இன்னாம்மா சொன்னாரு மேனேஜர்?" என்று தினமும் கேள்வி.

"லீவுல இருக்காரு அத்தே."

மேனேஜர் ஒன்றரை மாதம் லீவில் இருந்தார்.

கெடு முடிகிற அன்று, வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மலர்விழியோடு மீட்டிங். வேலை இருக்குமா போகுமா என்று தெரிந்துவிடும். காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்து, ஹெட்செட்டை மாட்டி, கேமராவைப் பார்த்து குட்மார்னிங் சொன்ன நேரத்தில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. யாரென்று திரும்பினால், கையில் ஒயர் கூடையோடு கோவிந்தம்மாள்!

துர்காவால் எழுந்திருக்கவும் முடியவில்லை, பேச்சை நிறுத்தவும் முடியவில்லை. கோவிந்தம்மாள் வாசலில் நின்று உள்ளே ஒரு சுற்றுப் பார்த்தாள். ஒரு மேஜை, ஒரு நாற்காலி. ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். அதற்குள் துர்கா இங்கிலீஷில் பேசுவதைப் பார்த்து, தானே விரலை உதட்டில் வைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் போய்ப் பாயில் உட்கார்ந்தாள்.

ஒவ்வொரு கேஸாக மலர்விழி கேட்டாள். துர்கா பதில் சொன்னாள். முதுகுக்குப் பின்னால் மாமியார் இருக்கிறாள் என்ற நினைப்பிலேயே பாதி உயிர் போயிருந்தது. நாற்பது நிமிஷம் கழித்து மலர்விழி தமிழுக்கு மாறினாள். "தொண்ணூத்தேழு வந்திருக்கு துர்கா. எப்படிம்மா பண்ணின? இனிமே உன்னைப் பத்தி எனக்குக் கவலையே இல்லை."

ஹெட்செட்டைக் கழற்றி வைத்தாள். அப்பாடா என்று ஒரு பெருமூச்சு விட்டாள். வேலை பிழைத்துவிட்டது. இனி வீட்டைப் பார்க்க வேண்டும். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராகித் திரும்பினாள்.

கோவிந்தம்மாள் ஒயர் கூடையில் ஒரு கையைப் போட்டபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

அசந்த தூக்கம், லேசான குறட்டையோடு. துர்கா அரை மணி பார்த்தாள், ஒரு மணி பார்த்தாள். எழுப்ப மனம் வரவில்லை, எழுப்பப் பயமாகவும் இருந்தது. ஒன்றரை மணிக்குத்தான் கோவிந்தம்மாள் திடுக்கென்று எழுந்து உட்கார்ந்தாள். "ஐயையோ, மணி இன்னாடி? யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரல அத்தே. இங்க யாரும் வரமாட்டாங்க."

கோவிந்தம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அறையைப் பார்த்தாள். "அம்சா ஒரே பேஜாரு. நீயே நேர்ல போய் மேனேஜர பாருன்னு உயிர எடுத்துட்டா. அரிக்குப் போன் பண்ணேன், விதைக்கடை மாடின்னு உளறிட்டான். சரி, மேனேஜர் எங்க?"

"மேனேஜர் இல்ல அத்தே."

"மத்தவங்க?"

"மத்தவங்களும் இல்ல. நான் மட்டுந்தான்." துர்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "பொய் சொல்லிட்டேன் அத்தே. வூட்ல என்னால வேலையே செய்ய முடியல. வேலை போவுற மாதிரி ஆயிடுச்சி. வேற வழி தெரியல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு இன்னாடி?"

"பதினோரு வாட்டி சொன்னேன்."

"எண்ணி வேற வெச்சிக்கினு இருந்தியா?" என்றாள் கோவிந்தம்மாள். கோபமாகத்தான் ஆரம்பித்தாள். பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது. "சொன்ன, சொன்ன. என் காதுலயும்தான் வுழுந்தது. அந்தக் கதவ சாத்தறதுக்கு எனக்குத் தைரியம் இல்லடி. புருசன் செத்தன்னிக்குத் தெருவே வந்து நின்னுச்சி. அந்த ஒரு நாளுக்காக இத்தினி வருசமா யாரையும் வேணான்னு சொன்னதில்ல. மத்தியானத்துல கண்ண மூடி எத்தினி வருசம் ஆச்சி, தெரியுமா?"

துர்காவுக்குத் தெரியாது. இத்தனை நாள் அவள் தன் தலைவலியை மட்டும்தான் பார்த்திருந்தாள். எழுந்து போய் மாமியார் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். கோவிந்தம்மாள் கூடையிலிருந்து வேகவைத்த மல்லாட்டைக் கடலையை எடுத்து அவள் மடியில் போட்டாள். இரண்டு பேரும் உரித்துத் தின்றார்கள்.

தின்று முடித்ததும் கோவிந்தம்மாள் எழுந்து உள் அறையைத் திறந்து பார்த்தாள். சமையல்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து, உள்ளங்கையில் தண்ணீர் பிடித்துக் குடித்துப் பார்த்தாள். "உப்பு இல்ல. எதிர்ல யாரு?"

"நெல்லு குடோன்."

"பக்கத்துல?"

"பல் ஆஸ்பத்திரி."

"தெரிஞ்சவங்க ஒருத்தரும் இல்லியே?"

"ஒருத்தரும் இல்ல அத்தே."

"அரிக்கும் ஒரகடத்துலேந்து இது கிட்டதான?" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னாள். "அந்த வூட்ட வாடகைக்கு வுட்டுட்டு இங்க வந்துட்டா, ஊருதான் இன்னா சொல்லிடும்? வேலை எடத்துக்குப் போயிட்டாங்கன்னுதான சொல்லும்."

துர்காவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. "நெஜமாவா அத்தே?"

"பின்ன, விளையாட்டுக்கா? இன்னொரு பாய் வாங்கு." கோவிந்தம்மாள் மேஜைமேல் அடுக்கியிருந்த ஃபைல்களைப் பார்த்தாள். "இதுங்கள இன்னா பண்றது?"

"யாருக்கு எது பொருந்துதுன்னு பாக்கறேன். புனிதாவுது நல்லாருக்கு, அத மட்டும் இன்னிக்கே மலர்விழி மேடத்துக்கு நெஜமாவே அனுப்பறேன்."

அப்போது கூடைக்குள் செல்போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால் அம்சா. கோவிந்தம்மாள் கை வழக்கம்போல அவசரமாகப் பச்சையை அமுக்கிவிட்டது. அந்தப் பக்கத்துக் குரல் துர்காவுக்கே கேட்டது. சிலிண்டர் வண்டி வந்திருக்கிறதாம், இவள் இன்னும் அங்கே என்ன செய்கிறாள், ஜல்தியா வரவேண்டுமாம்.

கோவிந்தம்மாள் மருமகளைப் பார்த்தாள். மேஜை மேலே கிடந்த ஐடி கார்டை எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"முடியாது அம்சா" என்றாள். "நான் ஆபீஸ்ல இருக்கேன்."

போனை வைத்துவிட்டுப் பாயில் நீட்டிப் படுத்தாள்.