அரை ஓம்

மார்ச் 9, ஞாயிறு. பக்கம் 47-இல் ஒரு கணக்குத் தவறு. தவறு சிறியது. அதை இருபத்திரண்டு பேருக்கு அனுப்பியது நான்.

நாட்குறிப்பில் இவ்வளவையும் எழுதியபின் பேனாவை மூடினாள், மறுபடி திறந்தாள். மதியம் மணி இரண்டு. நாளை அறிவியல் தேர்வு. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மூன்று வருடமாகக் கண்ணாடிக் குழாய் கழுவுகிறாள். இந்தத் தாளில் தேறினால் பரிசோதனை மேசைக்குப் போகலாம். இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. இந்த முறையும் போனால் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதாகக் கூடத்துப் பொறுப்பாளர் சொல்லியிருந்தார்.

தேர்வுக்குப் படிக்கும் மாலை வகுப்பில் அவள் நோட்டுக்குத் தனி மவுசு. அடிக்கோடு சிவப்பு, விடைக்குக் கட்டம். இணைச் சுற்றுப் பக்கத்தைப் படமெடுத்து வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் அவள்தான். ஆறு ஓம் மின்தடையும் மூன்று ஓம் மின்தடையும் இணையாக இருந்தால் மொத்தம் எவ்வளவு? ஆறில் ஒன்றையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி, அரை என்று கட்டம் போட்டிருந்தாள். கடைசியில் அதைத் தலைகீழாக்கி இரண்டு என்று எழுத மறந்துவிட்டாள். இணைப்பில் மொத்தம், இருப்பதிலேயே சிறியதைவிடக் குறைவாக வரவேண்டும். அரையும் மூன்றைவிடக் குறைவுதானே? அதனால் கண்ணில் படவில்லை. இன்று அதே சுற்றுக்கு மின்னோட்டம் கணக்கிட்டபோதுதான் உதைத்தது.

உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் நாற்பத்தேழில் பிழை என்றால் முப்பதில் இருக்காதா, எண்பதில் இருக்காதா? எல்லாவற்றையும் சரிபார்த்து ஒரே தடவையில் சொல்லலாமென்று முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். ஒளியில் நாலு பக்கம், அமிலத்தில் இரண்டு. ஒன்றும் ஓடவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தாள், ஜன்னலைச் சாத்தினாள், திறந்தாள். துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி நிமிர்ந்து பார்த்தாள்.

"காலையிலேர்ந்து வீட்டைச் சுத்தி சுத்தி வர்ற. உனக்கே கரண்ட் விட்ட மாதிரி இருக்கு."

அவள் விஷயத்தைச் சொன்னாள். அண்ணி ஒரு தலையணை உறையை மடித்து வைத்தாள்.

"நோட்டு கெட்டுப்போகுமேன்னு கவலையா, அவங்க ஃபெயிலாயிடுவாங்கன்னு கவலையா?"

அவள் நோட்டைப் புரட்டினாள். மூன்றரைக்கு, கூடப் படிக்கும் லாரி ஓட்டுநர் போனில் கூப்பிட்டார். வகுப்பில் அவருக்கு டீசல் என்று பெயர், வயதில் எல்லோருக்கும் மூத்தவர். நாலு மணிக்குச் சரக்கோடு கிளம்புகிறாராம், வழியில் சிக்னல் கிடைக்காது, நேரே தேர்வு அறைக்குத்தான் வருவாராம். நாற்பத்தேழாம் பக்கத்தை மனப்பாடம் செய்துவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார்.

"அண்ணே, அது தப்பு," என்றாள். "நான் போட்டது தப்பு. கடைசியில தலைகீழாக் கவுக்கணும். அரை இல்ல, ரெண்டு."

மறுமுனையில் அவர் சிரித்தார்.

"இருபது வருஷமா லாரியைக் கவுக்காம ஓட்டிக்கிட்டு வரேன். பரீட்சைக்காகக் கவுக்கச் சொல்றீங்களே, டீச்சரம்மா."

பிறகு ஒவ்வொரு படியாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். மற்றப் பக்கங்களெல்லாம் சரிதானே என்று கேட்டார். சரி என்று சொல்ல வாயெடுத்தாள்.

"தெரியலண்ணே. இன்னும் முழுசாப் பார்க்கல. நீங்களும் போட்டுப் பாருங்க."

குழுவிலும் அதையே எழுதி அனுப்பினாள். ஐந்து நிமிடத்தில் வகுப்புத் தோழியான தையற்கடைக்காரி பதில் போட்டாள்: பக்கம் முப்பத்தொன்றில் ஆடிக் கணக்கின் குவியத் தூரம் இடிக்கிறது, நேற்றே கேட்க நினைத்தேன், உன் நோட்டாச்சே என்று விட்டுவிட்டேன். பார்த்தாள். உண்மைதான், கூட்டல் கழித்தல் குறி மாறியிருந்தது. அதையும் திருத்தினாள். கை இப்போது ஒரே வேலையில் நிலைத்தது.

நோட்டை அண்ணியிடம் கொடுத்து, தானே கேட்டாலும் தரவேண்டாம் என்றாள். பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் ஆறையும் மூன்றையும் மறுபடி எழுதித் தானே போட ஆரம்பித்தாள். விடை இரண்டு வந்ததும் எண்களை மாற்றிக்கொண்டாள். பிறகு நாட்குறிப்பில் எழுதினாள்:

நாளை: ஆறு மணிக்கு இணைச் சுற்றில் ஐந்து கணக்கு, ஆடிக் கணக்கில் மூன்று, நோட்டு இல்லாமல். ஒன்பதரைக்குத் தேர்வு அறை.