நாற்பதாயிரத்துக்குப் போன பெயர்

கண்ணாயிரத்தின் நல்ல பெயருக்குக் கள்ளக்குறிச்சி கோர்ட் போட்ட விலை நாற்பதாயிரம் ரூபாய். அவர் கேட்டது பத்து லட்சம். பாதிக்குப் பாதி குறைத்துக் கேட்பவர்களை வியாபாரத்தில் பார்த்திருக்கிறார். இப்படி அடிமாட்டு விலைக்குக் கேட்டவரைப் பார்த்ததில்லை.

கல்வராயன் மலையில் சாமையும் புளியும் வாங்கிக் கீழே கொண்டுவந்து விற்பவர் அவர். வண்டி காலியாக ஏறும், மூட்டையோடு இறங்கும். ஏறும்போது கள்ளச்சாராயம் காய்ச்சும் ஊறலுக்கு வெல்லம் போகிறது என்று ஒரு பத்திரிகை அவர் படத்தோடு போட்டது. அது பொய் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. பத்திரிகைக்காரர்கள் மறுவாரமே செக் அனுப்பினார்கள். இவ்வளவு மலிவாக முடிந்தால் யார்தான் தாமதிப்பார்கள்?

தொகையைக் கூட்டிக் கேட்டு அப்பீல் போட வேண்டும் என்று வக்கீல் கலையரசியிடம் போய் உட்கார்ந்தார். பணத்துக்காக அல்ல. செய்தி வந்த அன்றே அவர் மனைவி அம்சவள்ளி வடக்கனந்தலில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் தம்பி ஜீவா சாராயம் குடித்துச் செத்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. தீர்ப்பு நகலைக் கொண்டுபோய் நீட்டியபோதும், நெல் மண்டிக்காரர் மகள் அல்லவா, முதலில் தொகையைத்தான் பார்த்தாள்.

"முழுசும் பொய்யின்னா முழுசா குடுத்திருப்பாங்களே. கம்மி பண்ணது எதுக்காம்?"

அதற்கான பதில் கலையரசியிடம் இருந்தது. அவருக்காக மலையிலிருந்து ஒன்பது பேர் சொந்தக் காசில் பஸ் ஏறி வந்து சாட்சி சொன்னார்கள். பேப்பரில் வந்ததை ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை என்று ஒருவர் விடாமல் அடித்துச் சொன்னார்கள். பெருமை தாங்காமல் அன்று எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். யாருமே நம்பவில்லை என்றால் பெயர் எங்கே கெட்டது என்று நீதிபதி அதையே பிடித்துக்கொண்டு தொகையைக் குறைத்துவிட்டார்.

"நம்பின ஆளு ஒருத்தராவது வேணும்ண்ணா. அந்தச் சாட்சியையும் சேக்கச் சொல்லி அப்பீல்ல கேட்டுப் பாக்கலாம். இருக்காங்களா?" என்றாள் கலையரசி.

இருந்தாள். கண்ணாயிரம் மறுபடி வடக்கனந்தலுக்குப் பஸ் ஏறினார்.

அம்சவள்ளி மல்லாட்டை உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். வருகிறேன் என்றாள். அவருக்கு உயிர் வந்தது.

"பேப்பரப் பாத்து நம்பினேன்னு சொல்றேன். இப்பவும் நம்பறியான்னு கேட்டா, இன்னா சொல்றதுங்க?"

இல்லையென்று சொல் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லிக்கொடுத்து வாங்கினால் அது அவள் வார்த்தை ஆகாது. உரித்த வேர்க்கடலைப் பருப்பில் ஒரு பிடியை அள்ளித் தட்டில் வைத்து, வந்த விருந்தாளிக்கு நகர்த்துவதுபோல் அவர் பக்கம் நகர்த்தினாள். தின்றுவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு எழுந்தார்.

அப்பீல் வேண்டாம் என்று மறுநாள் கலையரசியிடம் சொல்லிவிட்டுக் கடைக்கு வந்து கணக்கெழுதினார். வரவு நாற்பதாயிரம். செலவு: கோர்ட் ஸ்டாம்பு முப்பதாயிரம், வக்கீல் பதினெட்டாயிரம், நகல், டைப்பிங், சில்லறை இரண்டாயிரம், வடக்கனந்தல் போக வர இரண்டு நடைக்கு எண்பது. கை நஷ்டம் பத்தாயிரத்து எண்பது. அம்சவள்ளி, நிலுவை.