காசிக்கு முப்பத்தொரு தடவை

பாப்பாரப்பட்டியில் டிராவல்ஸ் வைத்திருந்த குப்புராஜ், ஊரையே யாத்திரை அழைத்துப் போனவர். காசிக்கு மட்டும் முப்பத்தொரு தடவை. மனைவி கோவிந்தம்மாளை அவர் அழைத்துப் போன அதிகபட்ச தூரம் பக்கத்திலிருக்கும் அதியமான்கோட்டை. அதுவும் புது பஸ்ஸுக்குப் பூஜை போட. புண்ணியத்தையெல்லாம் ஒற்றை ஆளாகச் சேர்த்துக்கொண்டார் என்ற கோபம், அவருடைய காரியத்தன்றும் அவளுக்கு ஆறவில்லை.

துக்கம் கேட்க வந்த ஏரியூர் ராமக்காவிடம், "கங்கையில முங்கி முங்கி, எங்க வூட்டுக்காரரு நேரா சொர்க்கத்துக்கே டிக்கெட் போட்டிருப்பாருங்க" என்றாள்.

"அவரு எங்கங்க முங்குனாரு? நான் அவருகூட மூணு தடவை போனேன். 'நீங்க நிம்மதியாக் குளிச்சுட்டு வாங்கக்கா'ன்னு, எங்க பையிக்கும் செருப்புக்கும் காவலாப் படியிலயே உக்காந்திருப்பாரு. என் பல்செட்டைக்கூட அவரு கையிலதான் குடுத்துட்டுப் போவேன்."

கோவிந்தம்மாள் மாலை போட்டிருந்த அவர் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். கால்கூட நனையாத மனுஷன் மேலா இத்தனை வருஷம் பொறாமைப்பட்டோம்?

"அடுத்து எப்பங்க காசிக்குப் போறீங்க?"

"தை மாசம். ஏனுங்க?"

"நானும் வர்றேன். அவரு பேரைச் சொல்லி ஒரு முங்கு போடணும்" என்றாள் கோவிந்தம்மாள். "செருப்பை நீங்க பாத்துக்கங்க."