தூக்கிய கையும் தோள் ஒட்டும்

"முகம் தெரியலன்னா போகட்டும். கை தெரியணும். நீதிபதி எட்ட உக்காந்திருப்பாரு. அவர் கண்ணுக்குப் படற மாதிரி தெரியணும்."

"எவ்வளவு பெருசு வேணும் ஐயா?" என்று கேட்டார் ஸ்டூடியோக்காரர்.

"ஆள்ல பாதி உசரம். முடியுமா, முடியாதா?"

"முடியும். ஆனா பெருசாக்கப் பெருசாக்கக் கொஞ்சம் மங்கும். படம் விழுந்த அந்த ஒரு கண்ணாடித் தகடு ஏற்கெனவே லேசா மங்கல்தான். அன்னைக்கு இருந்த தள்ளுமுள்ளுல…"

"மங்கட்டுமே. தூக்கினது இடது கைன்னு தெரிஞ்சா போதும். நாளைக்குக் காலைல கோர்ட்ல வைக்கணும். இன்னைக்கு அஞ்சு மணிக்கு ஆள் அனுப்பறேன்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, ஸ்டூடியோ சுவரில் இருந்த கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். வயிற்றை உள்ளே இழுத்தார். பிறகு, ஓரத்து மேசையில் சிறு கத்தியோடு குனிந்திருந்த பெண்ணைப் பார்த்தார். ஸ்டூடியோக்காரரின் மனைவி அவள். ஒரு கல்யாணப் பெண்ணின் கன்னத்துப் பருவைக் படம் பதிந்த கண்ணாடித் தகட்டிலிருந்து சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, என்னைப் படம் எடுத்தா இந்தத் தொப்பையச் சுரண்டிடுவியா?"

"சுரண்டலாங்க. கண்ணாடிதான் தேஞ்சு போயிடும்."

அவர் சிரித்துவிட்டுப் போனார். கணவர் மட்டும் சிரிக்காமல் அவளை முறைத்தார்.

"போலீஸ்காரங்ககிட்டயா உன் வாய காட்டுவ?"

"கேட்டாரு, சொன்னேன்."

"சரி, வெயில் இருக்கும்போதே உள்ள போ. மூணரைக்கு மேல உன் இருட்டறைக்கு ஒரு கீத்து வெளிச்சம் கூட வராது."

ஊர் முழுக்கப் பேசிய படம் அது. பன்னிரண்டு நாள்களுக்கு முன் நூற்பாலையில் பஞ்சுக் கிடங்கிலிருந்து புகை வந்தது. மேற்பார்வையாளர் வாசல் கதவைப் பூட்டிவிட்டார். மூட்டைகளைக் கிடங்கிலிருந்து எடுத்து முடிக்கும் வரை ஒருவரும் நகரக்கூடாது என்றார். உள்ளே முப்பது பேர். கதவை உடைத்து வெளியே வந்த கூட்டத்தில் ஒரு கை இரும்புத் தடியோடு உயர்ந்தது. எதிர்வீட்டு மாடியில் பெட்டிக் கேமராவோடு நின்ற ஸ்டூடியோக்காரர் அந்த நொடியில் லென்ஸ் மூடியைத் திறந்து மூடினார். முதுகைக் காட்டி நின்றவனின் தூக்கிய கை மேற்பார்வையாளரின் தலையில் விழுந்தது. மேற்பார்வையாளர் நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

பத்திரிகைக்காரர்கள் உள்ளங்கை அளவுக்குச் சிறிதாக அதை அச்சிட்டார்கள். தடி தூக்கியவனின் முகம் இல்லை. கூட்டத்துக்குப் பின்னால் புகையும் வெற்றுச் சுவரும்தான். ஆனால் தூக்கியது இடது கை என்பது குழந்தைக்கும் தெரிந்தது. ஆலையில் இடது கைக்காரன் ஒரே ஒருவன்தான் இருந்தான். எந்திரம் பழுது பார்ப்பவன். எல்லோரும் அவனை நொட்டாங்கை என்றே கூப்பிட்டார்கள். அவனுக்கு வேறு பெயர் இருந்ததா என்பதை இன்ஸ்பெக்டர்தான் முதன்முதலாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

அவள் இருட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். சன்னல் பலகையில் வட்டமாக ஒரு ஓட்டை. வெளியே சாய்த்து வைத்த நிலைக்கண்ணாடியில் பட்ட வெயில் அதன் வழியே உள்ளே வந்து, தகட்டையும் லென்சையும் கடந்து, எதிர்ச்சுவரில் விழும். சுவரில் பெரிய தாளை நான்கு ஆணியால் பொருத்தினாள். லென்ஸ் மூடியைத் திறந்து இருபது எண்ணினாள். மூடினாள். தாளைக் கழற்றித் தொட்டியில் போட்டு, பஞ்சால் மருந்தைத் தடவினாள்.

தாளில் முதலில் கருப்புகள் வந்தன. தலைகள். தடி. பிறகு அவன் சட்டை. சட்டையின் தோளில் உள்ளங்கை அளவுக்குக் கருப்பாக ஒரு சதுரம். சதுரத்துக்குள் வெள்ளைப் புள்ளிகள்.

அவள் பஞ்சை நிறுத்தினாள்.

புள்ளிகளைச் சுற்றித் தடித்த வெள்ளை நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓடியிருந்தது. கருப்பு நூல் தீர்ந்துபோன நாளில், இருந்த நூலை எடுத்துப் போட்ட தையல். தையற்காரி யாரும் அப்படிப் போடமாட்டாள். துணி அவளுடைய பழைய உடுப்பிலிருந்து வெட்டியது. போட்டது அவள். போட்டுக்கொண்டவன் அதே ஆலையில் மூட்டை சுமக்கும் அவளுடைய தம்பி.

தாளை அலசி, படத்தை நிலைக்க வைக்கும் மருந்துத் தொட்டிக்கு மாற்றினாள். வெளியே கணவரின் குரல் கேட்டது. யாரோ குடும்பத்தோடு வந்திருந்தார்கள். "மூச்சு விடலாம். சிரிக்கத்தான் வேண்டாம்" என்றார்.

தம்பி இடது கைக்காரன் இல்லை. சின்ன வயதில் அவளை அடித்ததெல்லாம் வலது கையால்தான். அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பிறகு இன்னொன்று நினைவுக்கு வந்தது. அவள் ஒட்டுப் போட்டது இடது தோளில். மூட்டை சுமந்து கிழிந்தது அந்தத் தோள்தான். படத்தில் ஒட்டு வலது தோளில் இருந்தது.

தாளைத் தொட்டியிலிருந்து தூக்கி, சிவப்பு விளக்கின் கீழ் பிடித்தாள். கூட்டத்தில் அரைமுகம் தெரிந்த மூன்று பேருக்குச் சட்டைப் பை வலது மார்பில் இருந்தது. எந்த ஊர்த் தையற்காரன் ஆண்களுக்கு வலது மார்பில் பை வைக்கிறான்? எல்லோரும் கையையே பார்த்தார்கள். பையை ஒருவரும் பார்க்கவில்லை.

ஆலையில் புகை வந்த அந்தக் காலையை அவள் கண்ணை மூடிக்கொண்டு திரும்ப நடத்திப் பார்த்தாள். கணவர் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். சிவப்பு விளக்கில் எண்ணெய் இல்லை. ஆறு தகடுகளை முழு இருட்டில் கேமராவின் தகட்டுக் கூடுகளில் சொருகினாள். தகட்டுக்கு ஒரு பக்கம் படம் பதியும் மருந்து, ஒரு பக்கம் வெறும் கண்ணாடி. மருந்துப் பக்கம்தான் லென்சைப் பார்க்க வேண்டும். இருட்டில் எது எது என்று அறிய அவளுக்கு ஒரு வழி இருந்தது. தகட்டின் மூலையை உதட்டில் வைப்பாள். மருந்துப் பக்கம் லேசாக ஒட்டிக்கொள்ளும், கண்ணாடி வழுக்கும். பத்து வருடங்களில் ஒரு முறைகூட உதடு பொய் சொன்னதில்லை. அன்று உதடு வெடித்து, களிம்பு தடவியிருந்தாள். இரண்டு பக்கமும் வழுக்கியது. குத்துமதிப்பாகப் போட்டாள்.

ஐந்து சரி. ஒன்று திருப்பி. அந்த ஒன்றில்தான் கை தூக்கியது. மங்கல் தள்ளுமுள்ளால் வந்ததில்லை. வெளிச்சம் மருந்தைத் தொடுவதற்கு முன் கண்ணாடித் தடிப்பைக் கடந்து வந்திருந்தது. இடம் வலமாகியிருந்தது.

அவள் சட்டத்திலிருந்து தகட்டை எடுத்தாள். திருப்பிப் போட்டாள். மூடியைத் திறந்தாள். சுவரில் உருவம் விழுந்தது. தலைமுடி வெள்ளையாக, கழுத்து கருப்பாக, எல்லாம் தலைகீழ் நிறத்தில்தான். ஆனால் அவள் கண் அதற்குப் பழகியது. வலது கையைத் தூக்கிக்கொண்டு, இடது தோளில் ஒட்டோடு, அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தினமும் உட்காருகிறவன் நின்றிருந்தான்.

அந்தப் படம் இன்று பல புத்தகங்களில் இருக்கிறது. தொழிலாளர் வரலாறு எழுதியவர்கள் அட்டையிலேயே போட்டிருக்கிறார்கள். சில புத்தகங்களில் இடது கை, சிலவற்றில் வலது கை. அச்சகத்தில் யாரோ அவசரத்தில் திருப்பிப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு நாம் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம்.

பின்கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. தம்பி சாப்பிட வருகிற நேரம். ஆலை பூட்டிய பிறகு அவனுக்கு மூன்று மணிக்குத்தான் பசித்தது.

"அக்கா, சோறு எங்க வச்சிருக்க?"

"உள்ள வா."

"இருட்டுக்குள்ளயா? எனக்கு அங்க பேய் பயம்."

"வாடா."

அவன் வீட்டுப் பக்க வழியில் தொங்கிய கருப்புத் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்தான். புதிதாகத் துவைத்த வேறு சட்டை போட்டிருந்தான். சுவரைப் பார்த்ததும் சிரிப்பு வாயோரத்தில் அப்படியே நின்றது.

"நான் ஒட்டுப் போட்ட சட்டை எங்க?"

"துவைக்கப் போட்டிருக்கேன்."

"பன்னண்டு நாளாவா?"

அவன் முக்காலியில் உட்கார்ந்தான்.

"எரிச்சுட்டேன்" என்றான். பிறகு, "மாமாவுக்குத் தெரியுமா?"

"அவருக்கு அவர் எடுத்த படம் பேப்பர்ல வந்தது மட்டுந்தான் தெரியும்."

"முப்பது பேரு உள்ள இருந்தோம்க்கா. சாவிய இடுப்புல தொங்க விட்டுக்கிட்டு மூட்டைய எண்ணிக்கிட்டு இருந்தான். என் பக்கத்துல இருந்தவ மயங்கி விழுந்துட்டா. வெளிய வந்தப்ப அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'கதவு உடைஞ்சதுக்கு யாரு பொறுப்பு'ன்னான். கைல தடி இருந்துச்சு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"நொட்டாங்கை எங்க இருந்தான் அப்ப?"

"குழாயடில. மயங்கினவளுக்குத் தண்ணி பிடிச்சுக்கிட்டு இருந்தான்."

"அதை யாராவது சொன்னாங்களா?"

"சொன்னாங்க. இவங்க படத்தைக் காட்டறாங்க." அவன் குரல் தாழ்ந்தது. "விட்டுடுவாங்கக்கா. அவன் செய்யலயே. செய்யாதவனை எப்படி…"

"தூக்குல போடுவாங்க. சாட்சி நம்ம வீட்டுக் கண்ணாடி."

அவன் மேசையில் கிடந்த சிறு கத்தியைப் பார்த்தான். எடுத்து அவள் பக்கம் நீட்டினான். கைப்பிடியை அவள் பக்கமாக வைத்து, மரியாதையாக.

"அந்த ஒட்ட மட்டும் எடுத்துடு. கல்யாணப் பொண்ணுங்களுக்குப் பரு எடுக்கற மாதிரி."

"எடுத்தா உன் தோள் போகும். அவன் கை போகாது."

"பழையபடி திருப்பிப் போட்டுக் குடுத்துடு. உனக்கு ஒண்ணுமே தெரியாது. நேத்து வரைக்கும் தெரியாதுல்ல, அப்படியே இரு."

"நேத்து வரைக்கும் நான் உனக்குச் சோறு போட்டேன்" என்றாள் அவள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கே தெரியவில்லை.

சுவரில் இருந்த உருவம் ஓரத்திலிருந்து வெளிறத் தொடங்கியது. வெயில் நிலைக்கண்ணாடியை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு தாள் எடுக்க நேரம் இருந்தது. ஒரே ஒரு தாள். முதல் தாள் தொட்டியில் மிதந்தது. அதில் நொட்டாங்கை. எடுக்கப்படாத தாளில் தம்பி. நடுவில் இருந்தது ஒரு தகடு. அதைத் திருப்ப இரண்டு விரல் போதும்.

அவள் இரண்டாவது தாளைச் சுவரில் பொருத்தினாள். மூடியில் கை வைத்தாள். தம்பி மூச்சு விடும் சத்தம், ஓடி வந்து நின்றவனைப்போலக் கேட்டது. அவள் எண்ணத் தொடங்கினாள். இருபது போதவில்லை, வெயில் மெலிந்திருந்தது. நாற்பது வரை எண்ணி மூடினாள்.

நாலு நாற்பதுக்கு இரண்டு படங்களும் கயிற்றில் சொட்டிக்கொண்டு தொங்கின. ஒன்றை ஒன்று பார்த்துக் கை ஓங்குவதுபோல் இருந்தது. அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். தம்பி எதையும் பார்க்கவில்லை.

"எதைக் குடுக்கப் போற?"

முன்னறையில் கணவர் யாரிடமோ பேசுவது கேட்டது.

"இல்லம்மா. போலீஸ் உத்தரவு இல்லாம யாருக்கும் காட்டக்கூடாது. புரிஞ்சுக்கோ."

"நீங்கதான படம் எடுத்தவரு. ஒரு தடவை பாத்துட்டுப் போயிடறேன் ஐயா."

"நான் எடுத்தேன். இப்ப அது கோர்ட்டோடது."

"அப்ப அக்காவக் கூப்பிடுங்க. உள்ள வேலை பாக்கறது அவங்கதான்னு சொன்னாங்க."

காலடி இருட்டறைக் கதவு வரை வந்து நின்றது. கணவர் "அம்மா, அம்மா" என்று பின்னால் வந்தார். ஆனால் ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுக்கிறவரில்லை அவர். தம்பி திரைக்குப் பின்னால் சுவரோடு சுவராக ஒட்டி நின்றான். கதவுக்கு வெளியே நின்றவள் தட்டவில்லை. பலகைக்கு அருகில் வாயை வைத்து, தாழ்ந்த குரலில் பேசினாள்.

"அக்கா, நான் நொட்டாங்கையோட சம்சாரம். உங்களுக்குத் தொந்தரவு குடுக்க வரல."

அவள் ஈரக் கையோடு தாழ்ப்பாளைப் பார்த்தாள்.

"அவர் சட்டை எல்லாம் நான் தைச்சதுதான். நாலு சட்டை. போலீஸ்காரங்க ஒண்ண எடுத்துட்டுப் போனாங்க. மீதி மூணையும் கைல கொண்டாந்திருக்கேன். நொட்டாங்கைக்காரர்ல, தடி, சுத்தியல், எதை ஓங்கினாலும் இடது தோள்தான் அவருக்குக் கிழியும். அங்க மட்டும் ரெட்டைத் தையல் போட்டு வச்சிருப்பேன். அந்தத் தையல் இல்லன்னா அது அவர் சட்டை இல்ல. பேப்பர்ல பொடிசா இருக்குது, ஒண்ணும் தெரியல. பெருசுல தெரியும்னு சொன்னாங்க."

உள்ளே ஒரு படத்திலிருந்து சொட்டு விழுந்தது. தெருவில் சைக்கிள் மணி கேட்டது. அஞ்சு மணிக்கு வரவேண்டிய ஆளாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

"நான் அழமாட்டேன், சத்தம் போடமாட்டேன். கையைக்கூடப் பாக்க வேணாம். கதவ இவ்வளவுதான் திறந்தா போதும்." பலகையில் அவள் விரல்கள் அளவு காட்டி நகர்ந்த சத்தம் கேட்டது. "தோள மட்டும் காட்டுங்கக்கா."