திக்காத குரல்

அம்மாவின் ரத்தம் எல்லாருடைய ரத்தத்தையும் போல உறைந்தது. ஆய்வகத்தில் அதைச் சோதித்தவள் மகள்.

இயந்திரத்தில் ஏதோ கோளாறு என்று இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள். அதே எண்தான் வந்தது. அம்மாவின் இதயத்தில் இருப்பது உலோக வால்வு. அதில் ரத்தம் கட்டாமல் இருக்கத்தான் தினமும் ஒரு மாத்திரை. மாத்திரை உள்ளே போனால் ரத்தம் தாமதமாக உறையும். தாமதமாகத்தான் உறைய வேண்டும். ஊருக்கெல்லாம் நல்ல எண்ணாக இருப்பது அம்மாவுக்கு மட்டும் உலை வைக்கும்.

பக்கத்து மேஜையில் வேலை பார்க்கிற அக்கா எட்டிப் பார்த்தாள்.

"யாருது இது? மாத்திரையை நிறுத்தி ஒரு வாரமாவது ஆகியிருக்கும் போலயே. வீட்டுல கேக்க ஆளில்லையா?"

"இருக்கு," என்றாள். காது இரண்டும் சூடாகின. "நான்தான்."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கிளம்பி வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்ததும் அந்தச் சத்தம் கேட்டது. ஆளரவம் இல்லாத அறையில் அம்மா சும்மா உட்கார்ந்திருந்தால் கேட்கும். டிக், டிக் என்று வால்வு மூடித் திறக்கிற சத்தம். 'வீட்டுக்குக் கடிகாரம் வாங்குற செலவு மிச்சம்' என்பார் அப்பா. வாய் திக்குவதால் அதைச் சொல்லி முடிக்க அவருக்கு அரை நிமிடம் ஆகும். இருந்தாலும் விடாமல் சொல்லுவார்.

மாத்திரை இருக்கும் தகர டப்பா அலமாரியில் அதன் இடத்திலேயே இருந்தது. திறந்தாள். நிறைய இருந்தது.

"அம்மா, என்னம்மா இது?"

"என்ன, என்ன இது? வந்ததும் வராததுமா போலீஸ் மாதிரி நிக்கிற. கையைக் கழுவிட்டு உக்காரு."

"எப்பேர்ந்து நிறுத்தின?"

அம்மா தட்டை வைத்தாள். முகத்தில் பயமில்லை. புதுத்துணி கிடைத்த பிள்ளையின் முகம் போல இருந்தது.

"அப்பாதான் விடச் சொன்னார்."

அப்பா இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததும் கோபம் வந்தது. அவள் கோபப்பட்டால் குரல் எழும்பாது, விரல் நுனிகள்தான் குளிர்ந்துபோகும். இப்போதும் அப்படித்தான் ஆனது.

அவர்கள் போகும் கிறிஸ்தவ சபையில் இரண்டு மாதமாக ஒரு புது ஊழியம் நடந்துகொண்டிருந்தது. உலகம் முடியும் நாள், கடைசி எக்காளம் ஊதும் நாள் வாசலுக்கு வந்துவிட்டது, நித்திரையடைந்தவர்கள் எழும்பும் முன்பு அவர்களுடைய குரல் எழும்பும் என்று போதகர் அறிவித்தார். விசுவாசிகள் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பழைய பதிவுகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் அவரவர் போனில் அந்தக் குரல் பேச ஆரம்பித்தது. கேட்டால் பதிலும் சொன்னது. அது வரை பாதி காலியாகக் கிடந்த மண்டபத்தில் இப்போது வாசல் படியிலும் ஆட்கள் நிற்கிறார்கள்.

அப்பாவின் பதிவைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. ஞாயிறு ஆராதனையின் ஆரம்ப ஜெபத்தை வருடக்கணக்காக அவர்தான் செய்தார். லிஃப்ட் மெக்கானிக். வேலையிடத்தில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார், பேச முடியாது. ஆனால் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தால் ஒரு எழுத்துகூட இடறாது. சபையில் அதை ஒரு அற்புதமாகவே சொல்லிக்கொண்டார்கள்.

"நீயே கேளு," என்று அம்மா போனை மேஜையில் வைத்துத் தட்டினாள்.

"பயப்படாதே," என்றது அப்பாவின் குரல். "உன் நெஞ்சில் இருக்கிற இரும்பு இந்த உலகத்துக்குச் சொந்தமானது. அந்த மாத்திரையை விட்டுவிடு. எக்காளம் தொனிக்கும்போது உன்னை முழுமையாய்க் காணப்போகிறேன்."

அச்சு அசல் அவரேதான். தொண்டையின் அந்தக் கரகரப்பு, வாக்கியத்தின் கடைசியில் மெல்ல இறங்குகிற அந்த மூச்சு. அவளையும் அறியாமல் "அப்பா" என்று வாயில் வந்துவிட்டது. அதற்காகவே அந்தப் போனைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருந்தது.

"அம்மா, இது மெஷின். அப்பா ஜெபிச்சதை எல்லாம் உள்ள போட்டு, அந்தக் குரலை எடுத்து அது பேசுது. அப்பா இல்ல."

"மெஷினாவே இருக்கட்டும். வேதத்துல கழுதை மூலமாவே ஆண்டவர் பேசியிருக்கார். மெஷின்ல பேச மாட்டாரா?"

"மாத்திரைங்கற வார்த்தை அப்பா வாயில என்னைக்காவது வந்திருக்கா? யோசிச்சுப் பாரு. வராமத்தானே தினம் டப்பாவைத் தட்டுவார்?"

அம்மா சிரித்தாள். கண்ணில் நீர் தேங்கியது. "அதத்தான்டி சொல்றேன். முதல் தடவை அந்த வார்த்தையை அவர் வாயால தடங்கல் இல்லாம கேட்டேன் பாரு, அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அங்க போனவருக்குத் திக்குமா? நல்லா கேக்குற போ. சோறு ஆறுது."

எதைச் சொன்னாலும் அம்மாவிடம் ஒரு பதில் இருந்தது. அறிவில்லாதவள் இல்லை அம்மா. ஞாயிறு பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்குக் கடைசி காலப் பாடம் எடுக்கிறவள். எதிர்க்கேள்வி கேட்கிற பிள்ளைகளைச் சமாளித்துப் பழகிய வாய்.

அவள் ஆய்வகத்துக்குத் திரும்பவில்லை. நேரே சபைக்குப் போனாள். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போனாள்.

மண்டபத்துக்குப் பின்னால் ஒடுங்கலான ஒரு நடை. அதில் போட்டிருந்த பெஞ்சில் ஒரு பெண் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள். அவளை இவளுக்குத் தெரியும், ஒரே தெரு. "ஐயோ, அப்படியா கண்ணு? அப்புறம் என்ன பண்ணினீங்க?" என்று போனைப் பார்த்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். கால் செருப்பில் ஒன்று மாறிப் போட்டிருந்தது.

நடையின் கடைசியில் ஒலிப்பதிவு அறை. அங்கே இருப்பவரை எல்லாரும் மீடியா அண்ணன் என்பார்கள்.

"வா தங்கச்சி. அம்மா நல்லா இருக்காங்களா? அப்பா பேசுறாரா?"

"அண்ணே, மாத்திரையை விடச் சொல்லி அது சொல்லுது. அதைப் போடலைன்னா அம்மா செத்துருவாங்க. யாரு அப்படிச் சொல்ல வச்சது?"

அவர் முகம் சுருங்கியது. "யாரும் வைக்கல. ஆண்டவர் மேல ஆணையா நான் அந்த மாதிரி ஒரு வரி எழுதல. ஐயாவோட பிரசங்கம் எல்லாத்தையும் உள்ள போட்டிருக்கோம். ஊன்றுகோலைத் தூக்கிப் போடுங்கன்னு ஐயா பேசுவார் இல்ல? அதுல இருந்து அதுவா எடுத்துப் பேசுது. உங்க அம்மா ஏதாவது கேட்டிருப்பாங்க. மாத்திரையை விட்டுரட்டுமான்னு கேட்டா விட்டுருன்னுதான் சொல்லும். மறுத்துப் பேசாது. ஆறுதலா மட்டும் பேசுற மாதிரிதான் வைக்கச் சொன்னாங்க."

"அப்ப யாரு பொறுப்பு?"

"அது... அதுவா பேசுது தங்கச்சி."

கதவருகே நிழல் விழுந்தது. போதகர். எப்போதும் போலச் சலவை மடிப்பு கலையாத சட்டை.

"என்ன மகளே, அப்பாகிட்ட பேசணுமா? பேசு. ஆய்வகத்துல சோதிச்சுப் பார்க்கிற காரியம் இல்ல இது. அம்மாவோட விசுவாசத்துக்கு நீ இடறலா இருக்காதே. நாள் கிட்ட வந்துருச்சு. அவங்களாவது ஆயத்தமா இருக்காங்க."

வழியெல்லாம் அடுக்கிய வாக்கியங்களில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் அவள் தலையில் கை வைத்தபோது அவள் வாயிலிருந்து வந்தது, "சரிங்கய்யா."

தெருவுக்கு வந்த பிறகுதான் அந்தச் 'சரிங்கய்யா' உறைத்தது. தன்னையே நாலு அறை அறைய வேண்டும் போலிருந்தது. அந்த ஆத்திரத்தை எல்லாம் சுமந்துகொண்டு போய் வீட்டில் கொட்டினாள்.

"உனக்கு வேணும்னா அந்த மகிமையை வச்சுக்கோம்மா. எனக்கு வேண்டாம். நான் பள்ளிக்கூடம் போகும்போது 'மதியம் சாப்பிடு'ன்னு சொல்ல வாசல்ல நின்னு வாய் பூட்டிக்கிட்டுத் தவிப்பாரே, பஸ் போயிரும், அடுத்த பஸ்ஸுக்கு நிப்பேனே, அவருதான் எங்க அப்பா. இந்த மழமழ பேச்சுக்காரர் யாருன்னே எனக்குத் தெரியல."

அம்மா போனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மகள் சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். சுவர் மெல்லியது. எல்லாம் கேட்டது.

"என்னங்க," என்றாள் அம்மா. "ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்காதீங்க. பழைய மாதிரி ஒரே ஒரு தடவை பேசுங்க. திக்கிப் பேசுங்க. மாத்திரைன்னு சொல்லுங்க. ஆசையா இருக்கு."

"உனக்காகச் சொல்கிறேன்," என்றது குரல், கொஞ்சமும் தாமதிக்காமல். "ம-ம-ம-ம-மாத்திரை. ம-ம-மாத்திரை போட்டாயா, என் அன்பே?"

உள்ளே வால்வு மட்டும் அடித்துக்கொண்டது, வழக்கத்தைவிட வேகமாக.

அப்பா ஒருநாளும் அப்படித் திக்கியதில்லை. 'ம' வந்தால் அவருக்கு உதடுகள் மூடிக்கொள்ளும். அவ்வளவுதான். அதன் பிறகு ஒரு ஒலியும் வராது. கண் இறுகும், கழுத்து நரம்பு புடைக்கும். எதிரே இருப்பவர் காத்திருக்க வேண்டும். அம்மா காத்திருப்பாள். ஒரு வார்த்தையைக்கூட அவருக்குப் பதிலாக எடுத்துக் கொடுக்காமல், இருபத்தைந்து வருடம் காத்திருந்தாள். எழுத்தைத் திருப்பித் திருப்பி உடைத்துப் பேசியவர்கள் வேறு ஆட்கள். அவர் தெருவில் நடக்கும்போது முதுகுக்குப் பின்னால் "ம-ம-ம-மெக்கானிக்" என்று கத்தியவர்கள். ஒருமுறை அம்மா அதில் ஒருவனைக் காய்கறிப் பையாலேயே சாத்தியிருக்கிறாள்.

கதவு திறந்தது. அம்மா நேராக அலமாரிக்கு வந்து தகர டப்பாவை எடுத்தாள். அதன் மூடியில் விரலால் தட்டினாள், அப்பா தட்டுகிற மாதிரி. மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"விட்டதுக்குச் சேர்த்து ரெண்டா போடவாடி?"

"வேண்டாம்மா. டாக்டரம்மாகிட்ட நான் பேசுறேன். இன்னைக்கே போகணும்."

"போவோம். போற வழியில சபைக்குப் போயிட்டுப் போவோம்."

ஒலிப்பதிவு அறையில் மீடியா அண்ணன் எழுந்து நின்றார். போதகரும் அங்கேதான் இருந்தார். அம்மா வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"அவர் ஜெபத்தைத் திருப்பிக் கொடுங்க."

"என்ன சகோதரி, உக்காருங்க முதல்ல," என்றார் போதகர்.

"உக்கார வரல. அவர் ஆண்டவர்கிட்ட பேசினது அது. உங்ககிட்ட பேசினது இல்ல, என்கிட்டகூட பேசினது இல்ல. ஒரு மனுஷன் ஊர்ல எவன்கிட்டயும் தடங்கல் இல்லாம பேச முடியாம, அங்க மட்டும் போய்ப் பேசினான். அதைத் திருடி எனக்கு விஷம் குடுத்திருக்கீங்க."

"சத்துருவான சாத்தான் உங்களைக் குழப்புறான்."

"ஆமாங்கய்யா, குழப்பினான். கடைசி காலத்துல உயிரில்லாத சொரூபத்தைப் பேச வைப்பான்னு நான்தானே பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்துட்டு வரேன். எங்கேயோ தூர தேசத்துல ராஜா மாதிரி ஒருத்தன் வந்து செய்வான்னு நினைச்சுட்டு இருந்தேன். இங்கேயே மின்விசிறியைப் போட்டு, நாற்காலி போட்டு, என்னையே உக்கார வச்சுக் கேக்க வச்சிருக்கீங்க. ஸ்தோத்திரம் வேற சொன்னேன்."

போதகர் வாயைத் திறந்தார். அம்மா கையைக் காட்டினாள். "பேசாதீங்க. உங்க பேச்சைத்தான் அவர் வாயில வச்சு நிறைய கேட்டாச்சு."

மீடியா அண்ணன் போதகரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், கைகளைப் பிசைந்தார். அவளுடைய விரல் நுனிகள் பனிக்கட்டி போலிருந்தன. ஆனால் இந்த முறை நாக்கு ஒட்டவில்லை.

"நகருங்கண்ணே," என்றாள்.

அவர் நகர்ந்தார். அவள் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் இறந்தவர்கள் வரிசையாக இருந்தார்கள். அப்பாவை அழித்தாள். குரல் போனது. ஜெபங்களை மட்டும் அம்மாவின் போனுக்கு மாற்றிவிட்டு அங்கே இருந்ததையும் அழித்தாள்.

"இது தவறான முன்மாதிரி," என்றார் போதகர். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அறை வாசலில் மீடியா அண்ணன் பின்னாலேயே வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "தங்கச்சி, இந்தக் குரலைச் செஞ்சு குடுத்த கம்பெனிக்காரங்ககிட்ட ஒரு காப்பி இருக்கும். அதை என்னால எடுக்க முடியாது."

"விலாசத்தை எழுதிக் குடுங்க," என்றாள் அம்மா. "அங்கயும் வரோம்."

நடையில் அந்தப் பெண் இன்னும் உட்கார்ந்திருந்தாள். அதே பெஞ்ச், அதே மாறிப்போன செருப்பு. அம்மா அவளைக் கடந்து நாலு அடி போனவள் திரும்பி வந்தாள்.

"அம்மா, டாக்டர்," என்றாள் மகள்.

"இரு."

அம்மா அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுடைய முழங்கையை மெல்லத் தொட்டாள். அந்தப் பெண் சிரித்த முகத்தோடு ஒரு காதை மட்டும் விடுவித்தாள்.

"பிள்ளை பேசுறானாம்மா?"

"பேசுறான்க்கா. எவ்வளவு கேட்டாலும் பேசுறான்."

"முன்னாடி எல்லாம் சாப்பிட மாட்டேன்னு தெருவே கேக்குற மாதிரி கத்துவானே," என்றாள் அம்மா. "இப்ப எப்பவாவது அடம் பிடிக்கிறானா?"

அந்தப் பெண் பதில் சொல்ல வாயெடுத்தாள். பிறகு கையில் இருந்த போனைக் குனிந்து பார்த்தாள்.